லயன் வாசலுக்கு வண்டி வருவது எப்போது?

கொழும்பு மாநகரில் வாழும் ஒருவர் தம் வீட்டிலிருந்தவாறே கைத்தொலைபேசியை எடுத்து இரண்டு முறை விரலால் தொட்டாற் போதும், வாசலில் வண்டி வந்து நிற்கிறது. சாரதி யார், வண்டியின் இலக்கம் என்ன, கட்டணம் எவ்வளவு என்பன யாவும் ஏறுமுன்னரே தெரிந்துவிடுகின்றன. 2015ஆம் ஆண்டில் 'பிக்மீ' என்னும் உள்நாட்டு நிறுவனமும் 'ஊபர்' என்னும் அமெரிக்க நிறுவனமும் கொழும்பிலே தொடங்கிய இம்முறை, தெருவில் நின்று பேரம் பேசும் தொல்லையைத் தலைநகரத்தாருக்குப் பெரிதும் குறைத்துவிட்டது.

பொகவந்தலாவையில், மஸ்கெலியாவில், இராகலையில் நிலைமை யாது? நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தகப்பன் லயனிலிருந்து இறங்கி ஓடுகிறான். தெரிந்த ஓட்டோக்காரரைத் தட்டி எழுப்புகிறான். அவர் கேட்கும் தொகைக்குத் தலையாட்டுகிறான். வேறென்ன செய்வான்? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,750 ரூபாவாக உயர்த்தப்படும் என 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மேற்பிரிவு லயனிலிருந்து வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் ஓர் இரவுப் பயணம் அத்தொகையை அப்படியே விழுங்கிவிடக் கூடியது என்பதை மலையகத்தார் எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. டிக்கோயாவில் 150 படுக்கைகளுடன் இந்திய உதவியால் எழுந்த வைத்தியசாலையை 2017இல் இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். கட்டடம் வந்தது; அதற்குப் போகும் வழி வந்ததா?

போட்டி வேண்டும் என்றவுடன் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்கள் அஞ்சுவதற்கும் நியாயமுண்டு. ஒரு காலத்தில் இந்நாட்டுப் பஸ் கம்பெனிகள் இலாபமுள்ள பாதையில் ஓடிப் பந்தயம் நடத்தின. இலாபமற்ற பாதையைக் கைகழுவின. அதனாலன்றோ 1958 ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது! ஆனால் சபை ஏகபோகமானபின் மக்கள் பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்ததும் வரலாறே. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. அன்று தொட்டு இன்றுவரை அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பாதையில் ஒரே நேரத்திற்காக மல்லுக்கு நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒரு நேர அட்டவணைக்குள் அடக்க முற்பட்டபோது 2025 ஆகஸ்டில் போக்குவரத்துச் சபைத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் பயணிக்கு இவ்வழக்கில் எந்தக் கட்சியும் இல்லை. அவனுக்கு வேண்டியது பஸ் எப்போது புறப்படும் என்ற ஒரேயொரு விடைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மாகாணங்களுக்கிடையிலான பஸ் சேவை 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழும், மாகாணத்துக்குள் ஓடுவது மாகாண அதிகாரசபையின் கீழும் இருக்கின்றன. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்பு செல்லும் பஸ்ஸுக்கு ஓர் எசமான்; அதே ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பஸ்ஸுக்கு மற்றோர் எசமான். இருவருடைய ஏற்பாடும் ஒரே அடிப்படையில் எழுந்தது: ஒரு பாதை, ஒரு பஸ், ஓர் அனுமதிப்பத்திரம். 1991இல் செயலி என்ற சொல்லை யார் அறிந்தார்? அனுமதிப்பத்திரமோ கைமாறும் சொத்தாகிவிட்டது. புதிதாக ஒரு சிறு பஸ்ஸை வாங்கித் தோட்டப் பாதையில் ஓட்ட முன்வரும் இளைஞன் யாரிடம் போவான்? எத்தனை மேசைகளைச் சுற்றுவான்?

இனி, செயலி வண்டிகள் மலைநாட்டுக்கு வந்தால் மறிப்பவர் யார்? சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தரிப்பிடச் சங்கத்தார் இவ்வண்டிகளை வழிமறித்த செய்திகள் பத்திரிகைகளிற் பலமுறை வந்துள்ளன. பொதுத்தெருவில் பயணியை ஏற்றும் உரிமை ஒரு சங்கத்தின் தனியுடைமை ஆகாது. இதில் சட்டம் தயங்கக் கூடாது. ஆயினும் அந்த ஓட்டோக்காரரை நாம் பகைவராகக் கருதவில்லை. அவர் நம் பிள்ளை. கொழுந்துக் கூடையில் எதிர்காலமில்லை என்று கண்டு, கடனுக்கு வண்டியெடுத்து, மாதந்தோறும் தவணை கட்டத் திண்டாடுகிறவர். அவரிடம் ஒவ்வொரு பயணத்திலும் தரகு பிடித்துக்கொண்டு, நினைத்தபோது கணக்கை மூடிவிடும் நிறுவனத்தைக் கண்டு அவர் அஞ்சுவதில் வியப்பென்ன? பெங்களூரில் ஓட்டோச் சாரதிகளின் சங்கமே துணைநின்று 2022இல் 'நம்ம யாத்ரி' என்னும் செயலியைத் தொடங்கிற்று. பயணத்துக்குப் பயணம் தரகு அறவிடாமல் சிறுதொகையொன்றை மட்டும் பெறும் ஏற்பாடு அது. தொழிற்சங்கம் என்றால் மலையகத்துக்குப் புதிதா? சந்தா பிடிக்கத் தெரிந்த சங்கங்கள் சாரதிகளைச் சேர்த்து இப்படியொரு கூட்டுறவை நடத்தத் தெரியாது என்று சொல்லட்டும், கேட்போம்.

பிரித்தானியாவின் உயர்நீதிமன்றம் 2021 பெப்ரவரியில், 'ஊபர்' சாரதிகள் சுயதொழில் செய்வோர் அல்லர், தொழிலாளரே எனத் தீர்ப்பளித்தது. இந்திய மத்திய அரசு 2025இல் வெளியிட்ட விதிகள், நெருக்கடி நேரத்திலும் அடிப்படைக் கட்டணத்தின் இருமடங்குக்கு மேல் வாங்கலாகாது என வரம்பு கட்டின. நம் நாட்டுக்கும் இவ்வகை விதி வேண்டும். இன்றேல், பேரம் பேசும் மனிதனுக்குப் பதிலாகப் பேரமே பேசாத இயந்திரமொன்றைத்தான் நாம் பெற்றவராவோம்.

இன்னொரு வாதமும் எழும்: லயனில் ஏது இணையம், ஏது நல்ல கைத்தொலைபேசி என்று. '1990 சுவசரிய' அம்பியூலன்ஸ் சேவையைப் பாருங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் பரவிய அச்சேவைக்கு அழைப்பவர் சாதாரணத் தொலைபேசியில் நான்கு இலக்கங்களை அழுத்தினாற் போதும். அண்மையிலுள்ள வண்டியைக் கண்டறிந்து அனுப்பும் வேலையை நிலையம் பார்த்துக்கொள்கிறது. கூலி வண்டிக்கும் அவ்வாறே தொலைபேசியில் அழைக்கும் வசதி வேண்டும். அங்கே பதில் சொல்பவர் தமிழிற் பேசவேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது நன்று. 1958இல் பஸ்களின் இலக்கத்தகட்டில் ஏறிய சிங்கள 'ஸ்ரீ'யால் நாடு பட்ட பாட்டை மூத்தோர் மறந்திரார்.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் லீக்சும் கரட்டும் பயிரிடுவோர் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் மரக்கறி அனுப்புகின்றனர். லொறியைப் பேசுபவர் பெரும்பாலும் இடைத்தரகர். வெறுமையாகத் திரும்பும் லொறியின் செலவும் ஈற்றில் விவசாயியின் தலையிலேயே விழுகிறது. எந்த லொறி எங்கே நிற்கிறது, என்ன கூலி கேட்கிறது என்பது எல்லாருக்கும் தெரியுமானால் அத்தரகரின் பிடி தளரும்.

ஆனால் இவை அனைத்துக்கும் முன்னே கிடப்பது பாதை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடங்கொடுக்கவில்லை. நம் மக்கள் வாக்களித்தனர். அவ்வாக்கால் அமைந்த சபை அவர்களது பாதையில் ஒரு கல்லும் போடமுடியாதிருந்தது! முப்பது ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்துங்கூடத் தோட்டப் பாதை கம்பெனியுடையதா, சபையுடையதா என்ற இழுபறி ஓயவில்லை. குழியில் விழும் வண்டியின் அச்சு முறிந்தால் இழப்பு சாரதிக்கு. அதனாலேயே அவர் கூடுதலாகக் கேட்கிறார். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லையில் எழுவர் மாண்டனர். 2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டியெல்லையில், அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய அரச பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போட்டியினால்தான் விபத்து என்போர் இரண்டாவது வண்டி யாருடையது என்பதையும் எண்ணிப்பார்க்க.

தமிழ்நாட்டில் பஸ் எட்டாத கிராமங்களுக்கென 1997இல் சிற்றுந்துத் திட்டம் வந்தது. 2025 ஜூனில் அது புதுப்பிக்கப்பட்டது. பஸ் ஓடாத பாதையில் ஒரு பகுதியையும் ஓடும் பாதையில் ஒரு பகுதியையும் சேர்த்து அனுமதி கொடுப்பதே அதன் சூட்சுமம்: இலாபமும் உண்டு, கடமையும் உண்டு. மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, வலப்பனைத் தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரே நிர்வாகத்தை நடத்திவந்தார். மக்கள் பிரதிநிதி இல்லாத இடத்தில் கேள்வி கேட்பார் யார்? பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் வரும்வரை காத்திராமல், பஸ் செல்லாத தோட்டப் பிரிவுகள் எவை என்ற பட்டியலையேனும் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டு, அப்பாதைகளுக்குச் சிறு பஸ் அனுமதியைப் பகிரங்கக் கேள்விமனு மூலம் அழைக்கட்டும்.