மீனுக்குச் சாப்பாடு கானில இருந்து வரத் தேவையில்லை

மீன் கடைகளில ஒரு தட்டில சிவப்பா, உருண்டையா, நெளிஞ்சுகொண்டு ஒரு புழுக்கூட்டம் இருக்கும். அதுதான் ரியூபிபெக்ஸ். போட்டால் மீன்கள் அடிபட்டுச் சாப்பிடும். அதைப் பார்க்கிற சந்தோசத்துக்காகவே கனபேர் வாங்குகினம்.

ஆனால் அந்தப் புழு நல்லாப் பெருகுவது கழிவு சேர்ந்த, ஒட்சிசன் குறைஞ்ச சேற்றில்தான். அந்தக் குறைந்த ஒட்சிசனையும் பிடிச்சு வைக்க உதவுகிற ஈமோகுளோபின்தான் அதுக்குச் சிவப்பு நிறத்தைக் குடுக்குது. சேற்றைத் தின்று வாழ்கிற புழு, சேற்றில இருக்கிற பக்டீரியாவையும் பார உலோகங்களையும் தன்னோடு கொண்டுவரலாம். பைப்படியில கழுவினால் வெளிப்பக்கம்தான் சுத்தமாகும், வயிறு சுத்தமாகாது.

அப்ப வாளியில தண்ணி வைச்சு நுளம்புக் குடம்பி பிடிக்கலாமே எண்டு சிலர் கேட்பினம். டெங்குக் காய்ச்சல் இருக்கிற நாட்டில அது விளையாட்டில்லை. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வீட்டு வளவில நுளம்பு பெருக விடுவது குற்றம்.

ஆகவே நான் சொல்லுவது இதுதான்: மீன் வளர்க்கிறவர் புழுவும் வளர்க்கப் பழகவேணும். அதிலும் பைட்டர் குஞ்சு பொரிக்க வைத்து நாலு காசு பார்க்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது கட்டாயம். பொரிச்ச குஞ்சு மூன்று நாளளவில நீந்தத் தொடங்கும். அதின்ர வாய் மிகச் சின்னது, அசைகிற இரையைத்தான் தேடும். தூள் சாப்பாட்டைப் போட்டால் அது அடியில கிடந்து தண்ணியைப் பழுதாக்கும். குஞ்சு பசியில சாகும். ஆர்ட்டீமியா முட்டை நல்லதுதான். ஆனால் வெளிநாட்டு டின்னின் விலையை டொலர் தீர்மானிக்கும். 2022இல அதை எல்லாரும் அனுபவிச்சம்.

மைக்ரோ வோர்மில தொடங்குங்கோ. ஓட்ஸைக் களிபோலக் காய்ச்சி ஆறவிட்டு, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில அரை விரல் உயரத்துக்குப் பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, ஒரு கரண்டி தாய்ப்புழு விடுங்கோ. மூடியில துளை போட்டு, பழ ஈ போகாமல் துணியால மூடவேணும். சில நாளில புழுக்கள் டப்பாச் சுவரில ஏறும், விரலால வழிச்சுத் தொட்டியில விடலாம். இரண்டு மூன்று கிழமையில களி புளிச்சுத் தண்ணியாகும். அதுக்கு முன்னமே அடுத்த டப்பாவைத் தொடங்கிவிடுங்கோ.

வளர்ந்த சின்ன மீன்களுக்கு கிரிண்டல் புழு பொருத்தம். ஈரமான தும்புத்தூளே அதுக்கு வீடு. எறும்பு வராமல் டப்பாவைத் தண்ணித் தட்டில வையுங்கோ. அந்தத் தண்ணியிலயும் நுளம்பு முட்டையிடும், அடிக்கடி மாத்தவேணும். கொழுப்புக் கூடின புழு எண்டபடியால் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போதும். யூடியூபில காட்டுகிற வெள்ளைப் புழுவுக்கு ஆசைப்படாதேங்கோ. அதுக்குக் குளிர் வேணும், நுவரெலியாவில சரிவரலாம், யாழ்ப்பாண வெயிலில சரிவராது.

"வீட்டில புழுவோ?" எண்டு அம்மா கேட்பா. நியாயமான கேள்விதான். மைக்ரோ வோர்ம் 1 அல்லது 2 மில்லிமீற்றர் நீளந்தான், புளிச்ச அப்பமா மணம் வரும், அவ்வளவுதான். டப்பாவைக் குசினியில வைக்காமல், வெயில் படாத ஒரு மூலையில வையுங்கோ. மணம் நாறத் தொடங்கினால் பிழை புழுவில இல்லை, டப்பாவை மாத்தாமல் விட்ட ஆளிலதான்.

இன்னுமொண்டு. தாய்ப்புழுவைக் காசுக்குப் பூட்டி வைக்காதேங்கோ. ஒரு கரண்டி குடுத்தால் உங்களுக்குக் குறையாது. உங்கட டப்பா ஒருநாள் செத்தாலும், குடுத்த வீட்டில அது உயிரோட இருக்கும். போய்த் திருப்பி ஒரு கரண்டி வாங்கலாம்.