சுரண்டிய சாலையில் பழைய வண்டி

சென்னையில் ஒரு சாலையைப் புதிதாகப் போடுவதற்கு முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறார்கள். 'மில்லிங்' என்று ஊருக்கே பழகிவிட்ட வேலை. இரவில் இயந்திரம் வந்து போகும். விடிந்து பார்த்தால் சாலை நெடுக வரிவரியாகக் கோடுகள். காரில் போகிறவருக்கு அது வெறும் இரைச்சல். இரு சக்கர வண்டியில் போகிறவருக்கு, அதிலும் முப்பது நாற்பது வயதான புல்லட்டிலோ ஆர்எக்ஸ் 100-லோ போகிறவருக்கு, ஹேண்டில் கையை விட்டுப் போவது போன்ற கலக்கம். முன் சக்கரம் தானாக இடமும் வலமும் நகர்கிறது. பக்கத்தில் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் அந்த அரை அடி நகர்வு உயிரைப் பறிக்கக்கூடியது.

இப்படி யாராவது விழுந்தால் உடனே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடுகின்றன. சாலை போடுகிறவர்கள் மீது குற்றம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தேய்ந்த டயரோடு பழைய வண்டியை ஓட்டியவர் மீதுதான் குற்றம் என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதால்தான் இத்தனை ஆண்டுகளாக எதுவும் மாறவில்லை. கோடு போட்ட சாலையில் ஒரு பழைய வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஓட்டுநர், மெக்கானிக், டயர் விற்பவர், ஒப்பந்ததாரர், பொறியாளர் ஆகிய எல்லோரும் தத்தம் பங்கைச் சரியாகச் செய்தாக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுரண்டுவதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. தாரின் மேல் தார் போட்டுப் போட்டுத்தான் நம் தெருக்கள் வீட்டு வாசற்படியை விட உயர்ந்தன. மழைநீர் வீட்டுக்குள் வந்தது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, உயரம் கூடாமல் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு எழுதிய அறிவுறுத்தல் மக்கள் நெடுநாள் கேட்டு வாங்கியது. அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் சுரண்டிய பிறகு தார் விழும் வரை உள்ள இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சுரண்டும் இயந்திரத்தின் உருளையில் வரிசை வரிசையாகப் பற்கள் உண்டு. வழக்கமான உருளையில் அடுத்தடுத்த வெட்டுக்கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் இருக்கும். 8 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டும் மென்மையான உருளைகளும் இருக்கின்றன. பற்கள் நெருங்க நெருங்க மேடும் பள்ளமும் குறையும். இயந்திரத்தை வேகமாக ஓட்டினால், அல்லது தேய்ந்த பல்லையும் உடைந்த பல்லையும் மாற்றாமல் விட்டால், இடையிடையே உயர்ந்த வரப்புகள் நின்றுவிடும். அந்த வரப்புதான் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. ஆக, ஒரு பல்லை மாற்றும் செலவை மிச்சம் பிடிப்பதற்கும் ஒரு வண்டி ஆடுவதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஒப்பந்தப் புள்ளியில் உருளையின் பல் இடைவெளியைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாலையில் வேண்டுமென்றே கோடு வெட்டும் வழக்கமும் உலகில் உண்டு. மழையில் வண்டிகள் சறுக்காமல் இருக்க 1960-களில் கலிபோர்னியாவில் கான்கிரீட் நெடுஞ்சாலைகளை நீளவாக்கில் அறுத்தார்கள். சுமார் 3 மில்லிமீட்டர் அகலம், 19 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரே சீரான கோடுகள். தண்ணீர் வழிந்தோட வழி கிடைத்தது. கார்களின் பிடிப்பு கூடியது. மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு மட்டும் வண்டி நெளிவது போல் இருந்தது. அங்கே ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் கையேடு இதைப் பற்றி நேராகவே பேசுகிறது: உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள், வேகத்தை மாற்றாதீர்கள், நேராகப் போங்கள், வண்டி நெளிவதை விட அதைத் திருத்தப் போய் வளைந்து வளைந்து ஓட்டுவதுதான் ஆபத்து. அளவெடுத்து வெட்டிய சாலைக்கே இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சுரண்டிய சாலையில் அளவும் இல்லை, சீரும் இல்லை. நடுவே மூடி உயர்ந்து நிற்கும் பாதாளச் சாக்கடைத் தொட்டிகள் வேறு.

இனி டயர். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் தவறும் இடம் இதுதான். அவர்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்லும் ஆளும் குறைவு.

அந்தக் கால வண்டிகளுக்கு முன் சக்கரத்தில் நீளக் கோடு போட்ட டயர், பின் சக்கரத்தில் கட்டம் கட்டமான பட்டன் டயர். அதற்குக் காரணம் இருந்தது. முன் டயரில் சுற்றி ஓடும் கோடுகள் ஹேண்டிலுக்கு நேர்த்தி கொடுத்தன, மழைநீரைப் பிரித்து விட்டன. சாதாரணத் தார்ச்சாலையில் இன்றும் அது நல்ல டயர்தான். ஆனால் டயரிலும் நீளக் கோடு, சாலையிலும் நீளக் கோடு என்று ஆகும்போது ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் போய் உட்காருகிறது. இரண்டின் இடைவெளியும் நெருங்கி வந்துவிட்டால் தண்டவாளத்தில் மாட்டிய சக்கரம் போல டயர் கோட்டைப் பின்பற்றுகிறது. அடுத்த கோட்டுக்கு ஏறும்போது ஒரு வெட்டு வெட்டுகிறது. அந்த வெட்டு நேராக ஹேண்டிலுக்கு வருகிறது.

அதனால் தினமும் நகரத்துக்குள் ஓட்டுகிறவர் முன் டயருக்கு நடுவில் இடைவிடாத நேர்க்கோடு இல்லாத வார்ப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோடு நெளிந்தும் உடைந்தும் ஓடினால் சாலையின் வரி டயரைப் பிடிக்க இடம் கிடைக்காது. அதற்காகச் சேற்றில் ஓட்டுகிற பெரிய பட்டன் டயரை முன்னால் மாட்டுவதும் சரியல்ல. அந்தப் பெரிய கட்டைகள் தாமே வளைந்து கொடுத்து வேறு விதமான ஆட்டத்தைத் தரும். இரண்டுக்கும் நடுவே உள்ள வார்ப்புதான் வேண்டும்.

அளவு அதைவிட முக்கியம். பழைய புல்லட்டுக்கு 3.25-19 என்ற அளவு. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இன்றைய கணக்கில் 90/90-19 அதற்கு நெருங்கியது. ஆர்எக்ஸ் 100-க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. இவை மெலிந்த டயர்கள். 'பார்க்க கெத்தா இருக்கும்' என்று 110, 120 மில்லிமீட்டர் அகல டயரைப் பழைய ரிம்மில் திணிக்கிறார்கள். புல்லட்டின் பழைய ரிம் 1.85 அங்குல அகலம்தான். அதில் அகல டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே நெருக்கப்பட்டு, தரையைத் தொடும் முகம் கூம்பிப்போகும். காசு கூடுதல், பிடிப்பு குறைவு. கோடு போட்ட சாலையில் அந்தக் கூம்பிய முகம் ஒவ்வொரு வரியிலும் விழுந்து எழும். இதை மாட்டிக் கொடுக்கும் கடைக்காரர் வாடிக்கையாளர் கேட்டதைத்தான் கொடுத்தார் என்று சொல்லலாம். கேட்டதைக் கொடுப்பதோடு சொல்ல வேண்டியதைச் சொல்வதும் கடையின் கடமை. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இந்த அறிவு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அது வாடிக்கையாளரின் காதுக்குப் போக வேண்டும்.

டயரின் வயது இன்னொன்று. 2000-க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கோடு தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் சாலையின் வரப்பில் அமுங்காமல் வழுக்கும். பழைய வண்டி சேகரிப்பவர்கள் சிலர் 'கம்பெனியிலிருந்து வந்த ஒரிஜினல் டயர்' என்று இருபது ஆண்டு டயரைப் பெருமையோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். கண்காட்சியில் அது அழகுதான். சாலைக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. மோட்டார் வாகன விதி இரு சக்கர வண்டிக்குக் கேட்கும் கோட்டின் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர். அது சட்டத்தின் கடைசி எல்லை. சுரண்டிய சாலையில் ஓட்டுகிறவருக்கு அது போதாது.

காற்று, கோன்செட், ஸ்விங் ஆர்ம் புஷ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய புல்லட்டுக்கு முன் சக்கரத்தில் 20 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று வேண்டும். கேட்காமலே இரண்டிலும் 30 அடித்துவிட்டால் முன் டயர் கல்லாகிவிடும். ஹேண்டில் கோன்செட் தளர்ந்திருந்தாலும், அளவுக்கு மேல் இறுக்கியிருந்தாலும், ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தாலும், சாலை கொடுக்கும் சிறு அசைவு பெரிதாகிவிடும். டயரை மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லை என்கிறவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு வண்டி வைத்திருக்கும் சிலரின் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். 50 ஆண்டு கடந்த வண்டியைத்தான் சட்டம் 'விண்டேஜ்' என்கிறது. 2021-இல் அதற்குத் தனிப் பதிவு முறையும் வந்தது. அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. அன்றாடம் சாலையில் இருப்பவை வேறு வண்டிகள்: பால் கேன் கட்டிய எக்ஸ்எல், தண்ணீர் கேன் ஏற்றிய பழைய மொபெட், கொத்தனார் வேலைக்குப் போகிறவரின் இருபத்தைந்து வருட வண்டி. அவற்றின் டயர் இன்னும் மெலிது, சுமை இன்னும் அதிகம். அவர்களிடம் 'நல்ல டயர் வாங்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயம் ஆகாது. அவர்களுக்குச் சாலை பாதி வழி வர வேண்டும்.

சாலை எப்படிப் பாதி வழி வரும்? சுரண்டும் தேதியோடு தார் போடும் தேதியையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் ஆகிய துறைகள் தங்கள் தோண்டலைச் சுரண்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். சுரண்டிய பிறகு ஒரு துறைக்காக இன்னொரு துறை காத்திருக்கும் நாட்களில்தான் வண்டிகள் ஆடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், உடனே தார் போட முடியாத சாலையைச் சுரண்டவே கூடாது. சாலை வேலை நடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை, தடுப்பு, இரவில் ஒளிரும் பட்டை எங்கெங்கே எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 55 என்ற வழிகாட்டி விரிவாகச் சொல்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சுரண்டிய பகுதி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சரிவாகக் கொஞ்சம் தார் போட்டுவிட்டால் அந்தப் படிக்கட்டு உயரம் தெரியாது. சாக்கடை மூடியைச் சுற்றியும் அப்படித்தான்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு இருக்கிறது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவு பயமுறுத்துவதற்காக மட்டும் இருக்கக் கூடாது. விபத்து நடந்த பின் தேடும் சட்டத்தை விட, வேலை தொடங்கும் முன் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் நாள் கணக்கு இருப்பது மேல்.

டயர் நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் வளர்ந்ததும் திருவொற்றியூரில். 1956-இல் புல்லட் தொழிற்சாலை எழுந்ததும் அதே திருவொற்றியூரில். பழைய வண்டியும் டயரும் ஒரே ஊரில் பிறந்த நகரம் இது. எந்தப் பழைய வண்டிக்கு எந்த அளவு, எந்த ரிம்முக்கு எந்த அகலம், எவ்வளவு காற்று என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சர் கடைச் சுவரிலும் ஒட்டச் செய்வது இந்த நிறுவனங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பழைய வண்டிக் குழுக்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பில் ஒரு மணி நேரத்தை டயர் சோதனைக்கு ஒதுக்க வேண்டும்.

ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது மிச்சம். கோடு போட்ட சாலை தெரிந்ததும் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கோட்டின் மேல் வந்த பிறகு முன் பிரேக்கை இறுக்காதீர்கள். ஹேண்டிலை இறுகப் பிடிக்காதீர்கள். சுரண்டிய தடத்துக்கும் சுரண்டாத தடத்துக்கும் இடையே உள்ள விளிம்பைச் சாய்வாக ஏறாதீர்கள். அதுதான் அதிகம் கவிழ்க்கும் இடம்.

உங்கள் தெருவில் சுரண்டும் இயந்திரம் வந்தால் தார் போடும் தேதியைக் கேளுங்கள். பலகையில் இல்லையென்றால் மாநகராட்சியின் 1913-ஐ அழைத்துக் கேளுங்கள், உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். அந்த அழைப்புக்கு முன்னால், உங்கள் வண்டியின் முன் டயரில் உள்ள நான்கு எண்களையும் குனிந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.