பதிப்பு எண் இல்லாத பாடக்குறிப்பு

திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு வழி கேட்கும் ஒருவரிடம், "துறைக்குப் போய்ப் பாதை வரும்வரை காத்திருங்கள்" என்று இன்று யாரும் சொல்வதில்லை. 2009 இல் பாலம் திறக்கப்பட்டதோடு அந்தப் பதில் பழையதாகிவிட்டது. அதற்கு முன் அப்படிச் சொன்னவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. அன்றைய வழி அதுதான். ஆனால், எந்தக் காலத்து வழி என்று குறிப்பிடாமல் அதையே எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருபவர் பாலத்தின் அடியில் நின்று பாதையைத் தேடுவார்.

எங்கள் மாணவியரிடையே கைமாறும் கணினிச் செய்நிரலாக்கக் குறிப்புகள் பல இப்படித்தான் இருக்கின்றன. உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அக்கா படித்த டியூட் தங்கைக்கு வருகிறது. அதன் பிரதியின் பிரதி மைத்துனிக்குப் போகிறது. எழுத்து மங்கினாலும் குறிப்பு தொடர்ந்து பயணிக்கிறது. அது எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்ற இரண்டு விபரங்கள் மட்டும் எங்குமே இருப்பதில்லை.

பெற்றோருக்காகச் சற்று விளக்குகிறேன். உயர்தர மாணவியர் கற்கும் செய்நிரல் மொழியின் பெயர் பைதன். மனிதர் பேசும் மொழி மெல்ல மெல்ல மாறும். கணினி மொழியோ ஒரு குறித்த நாளில், அறிவித்துவிட்டு மாறும். பைதனின் இரண்டாம் பதிப்பு 2000 இல் வெளிவந்தது. 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தது. பழையவற்றில் பலவற்றை வேண்டுமென்றே கைவிட்ட பதிப்பு அது. இரண்டும் சில காலம் அருகருகே வாழ்ந்தன. 2020 ஜனவரி 1 ஆம் திகதியோடு இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு முடிந்தது. இன்று வீட்டுக் கணினியில் பைதனை நிறுவினால் மூன்றாம் பதிப்புத்தான் வரும். குறிப்போ இரண்டாம் பதிப்பில் நின்றுவிட்டது.

இதனால் என்ன நடக்கிறது? பழைய குறிப்பின் முதல் பக்கத்தில் "பிரிண்ட்" என்ற கட்டளைக்குப் பின் நேரடியாக வாக்கியம் எழுதப்பட்டிருக்கும். புதிய பதிப்பில் அந்த வாக்கியம் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். பிள்ளை குறிப்பில் உள்ளபடியே தட்டச்சு செய்கிறாள். கணினி ஆங்கிலத்தில் பிழை என்கிறது. அச்சில் வந்தது தவறாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றாது. தனக்குத்தான் கணினி வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இது வெளியே தெரிகிற பிழை. தெரியாத பிழையும் உண்டு. மூன்று பாடங்களில் 70, 75, 76 புள்ளிகள் பெற்றவளின் சராசரியைக் கணிக்க 221 ஐ 3 ஆல் வகுக்கிறோம். இரண்டாம் பதிப்பு தசமத்தை வெட்டிவிட்டு 73 என்று விடை தந்தது. மூன்றாம் பதிப்பு 73.66666666666667 என்று தசமத்தோடு தருகிறது. குறிப்பிலோ 73 என்று அச்சாகியிருக்கிறது. இப்போது சரியான விடையைப் பெற்ற மாணவி, தன் விடையைத்தான் சந்தேகிக்கிறாள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது தமிழ் சம்பந்தமான பகுதி. "அம்மா" என்ற சொல்லை இரண்டாம் பதிப்பில் சாதாரணமாக எழுதி, அதன் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்று வரும். எழுத்துகளுக்குப் பதிலாக, அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை அது எண்ணியது. கோப்பின் தலையில் தனி அறிவித்தல் ஒன்றை எழுதாவிட்டால், தமிழ் எழுத்தைக் கண்டதுமே வேலையை நிறுத்தியும்விடும். மூன்றாம் பதிப்பு யுனிகோட்டை இயல்பாக ஏற்றுக்கொண்டது. இப்போது அதே கேள்விக்கு விடை 5. மெய்யின் புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணுவதால் வரும் கணக்கு அது. தமிழ் இலக்கணப்படி மூன்றெழுத்து என்று எண்ணுவதற்கு "ஓப்பன் தமிழ்" என்ற திறந்த நிரல் தொகுதி இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுதும் "எழில்" மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை முதலியோரின் உழைப்பு அது.

இன்னொன்றும் உண்டு. மாறிகளுக்குப் பெயரிட ஆங்கில எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்று பழைய குறிப்பு சொல்லும். மூன்றாம் பதிப்பில் அந்தத் தடை இல்லை. "விலை" என்றும் "புள்ளி" என்றும் தமிழிலேயே பெயரிடலாம். நிரல் ஓடும். ஆக, கதவு திறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கதவு பூட்டியிருக்கிறது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது நம் தமிழ்க் குறிப்புத்தான்.

பழைய குறிப்பை எழுதியவர்களை நான் குறை கூறவில்லை. தமிழில் எதுவுமே இல்லாத காலத்தில் இரவு விழித்து எழுதியவர்கள் அவர்கள். எழுதியதைப் பேணாமல் விட்ட பின்வந்தவர்களிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. தமிழில் ஒரு தொழினுட்ப நூல் வெளிவந்தால் விழா எடுக்கிறோம். அடுத்த ஆண்டு அதைத் திருத்த ஒருவரையும் நியமிப்பதில்லை.

பைதனின் சொந்தப் பயிற்சி நூலைப் பாருங்கள். மொழியை உருவாக்கிய கைடோ வான் ரொசம் தொடக்கத்தில் எழுதிய அந்த நூல் இன்றும் இருக்கிறது. மொழியின் ஒவ்வொரு பதிப்போடும் அதுவும் திருத்தப்பட்டு, பதிப்பு எண்ணோடு வெளிவருகிறது. ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு போன்ற மொழிகளில் அதன் பெயர்ப்புகளும் அவ்வாறே பேணப்படுகின்றன. மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அந்தப் பத்தியின் பெயர்ப்பு மட்டும் "மீளப் பார்க்க வேண்டும்" என்று அடையாளமிடப்படும். முழு நூலையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை.

துறைமுக ஊரில் வாழும் நமக்கு இது புதுமையாக இருக்கக் கூடாது. மாலுமிகளின் கடல் வரைபடங்களுக்குப் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தின் பெயரில் வாராவாரம் திருத்த அறிவித்தல் வெளியாகும். ஒரு மிதவை இடம் மாறினாலும், ஒரு விளக்கு அணைந்தாலும் அதில் வரும். காகித வரைபடத்தில் அதை ஊதா மையால் குறித்து, கீழே இடது மூலையில் அறிவித்தலின் ஆண்டையும் எண்ணையும் எழுதுவார்கள். அந்த மூலையைப் பார்த்தாலே வரைபடம் எந்த நாள்வரை நம்பத்தக்கது என்று தெரியும். திருத்தப்படாத வரைபடத்தை நம்பி எந்த மாலுமி நம் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவருவார்?

நம் அறிவு மரபும் இதைத்தான் சொல்கிறது. "அல்கோரிதம்" என்ற சொல்லுக்கே பெயர் தந்த அல்-குவாரிஸ்மி, 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார். அவை பாரசீக ஆண்டுக் கணக்கில் இருந்தன. பின்னர் அந்தலூசியாவின் குர்துபாவில் வாழ்ந்த மஸ்லமா அல்-மஜ்ரீத்தி அவற்றை ஹிஜ்ரி ஆண்டுக்கு மாற்றினார், தம் நகரின் தீர்க்கரேகைக்கு ஏற்பத் திருத்தினார். 1126 இல் அடலார்ட் என்ற ஆங்கிலேயர் லத்தீனுக்குப் பெயர்த்தது இந்தத் திருத்திய வடிவத்தையே. அல்-குவாரிஸ்மியின் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. அந்த நூல் நம்மை வந்தடைந்தது, திருத்தியவரின் கை வழியாகத்தான்.

இதற்குச் சில மறுப்புகள் எழும். பரீட்சைக்குப் பாடத்திட்டத்தில் உள்ளதைத்தானே எழுத வேண்டும் என்பார்கள். உண்மைதான். பாடநூலுக்கே முதலிடம் கொடுங்கள். ஆனால் கையில் உள்ள குறிப்பு எந்தப் பதிப்புக்குரியது என்று தெரிந்த மாணவிக்கே, பரீட்சையில் எதை எழுத வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் படிக்கட்டுமே என்பார்கள். ஆங்கிலம் அவசியம்தான், அதையும் படிக்கட்டும். அதற்காக, தமிழ்மூலம் படிப்பவள் பத்தாண்டு பின்தங்கியே இருக்க வேண்டுமா? ஆண்டுதோறும் மாறும் ஒன்றை யார் துரத்துவது என்பார்கள். மாறி, நிபந்தனை, மீள்செயல், சார்பு ஆகிய அடிப்படைகள் அப்படியேதான் இருக்கின்றன. 2008 இல் வந்ததைப் போன்ற பெரிய மாற்றம் அரிது. இப்போது ஆண்டுக்கொரு முறை ஒக்டோபரில் வரும் புதிய பதிப்பு, தொடக்கப் பாடத்தில் தொடும் இடங்கள் சிலவே.

ஆகவே மாணவியரிடம் நான் கேட்பது சிறிய வேலை. நம் கல்லூரியில் பயன்படும் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் மூன்று வரி எழுதுங்கள்: எந்த மொழியின் எந்தப் பதிப்பு, எழுதிய திகதி, கடைசியாகச் சரிபார்த்தவரின் வகுப்பு. ஒவ்வொரு ஒக்டோபரிலும் குறிப்பில் உள்ள எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓடாததைத் திருத்துங்கள். ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். "கணியம்" குழுவினர் "எளிய தமிழில்" என்ற பெயரில் வெளியிடும் நூல்களைப் போல, பிறரும் எடுத்துத் திருத்தலாம் என்ற அனுமதியோடு வெளியிடுங்கள். அப்போது மூதூரிலோ புல்மோட்டையிலோ உள்ள ஒரு மாணவி உங்கள் திருத்தத்தின் மேல் தன் திருத்தத்தைச் சேர்ப்பாள்.

பெற்றோரே, பிள்ளைக்கு டியூட் வாங்கும்போது எத்தனை பக்கம் என்று பார்க்கிறீர்கள். இது எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் அச்சிடுபவர்கள் எழுதத் தொடங்குவார்கள்.