மனம் திரும்பாதவனுக்கும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹண்ட்ஸ்வில் சிறையில், 1998 பிப்ரவரி 3 அன்று கார்லா ஃபே டக்கருக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். 1983இல் ஹூஸ்டனில் இருவரைப் பிக்காசால் வெட்டிக் கொன்ற வழக்கு. சிறைக்குள் வேதாகமம் படித்து விசுவாசத்துக்கு வந்தவர் அவர். அதுவரை மரண தண்டனையை ஆதரித்துவந்த தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் அவருக்காக மன்றாடினார். போப் இரண்டாம் ஜான் பாலும் உயிர்ப்பிச்சை கேட்டார். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஆளுநர் ஜார்ஜ் புஷ் இசையவில்லை.

இரண்டு வேண்டுகோள்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அடிப்படை வேறு. ராபர்ட்சன் கேட்டது, மனம் திரும்பிய ஒரு சகோதரிக்காக. அவரைப் போல உருக்கமாகச் சாட்சி சொல்லத் தெரியாமல் அதே தண்டனைக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த வாதத்தில் இடமில்லை. போப்போ, மரண தண்டனை தவிர்க்கவே முடியாதது என்னும் நிலை இன்று அநேகமாக இல்லை என்று 1995லேயே சுற்றுமடலில் எழுதியிருந்தார். குற்றவாளி திருந்தினாரா என்பதை வைத்து அவர் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த நிலைக்கு ரோம் எளிதில் வந்துவிடவில்லை. போப்புகள் ஆண்ட நாட்டில் 1796 முதல் 1864 வரை மரண தண்டனையை நிறைவேற்றும் பணியில் இருந்த புகாட்டி ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார். அரசு அவருக்கு ஓய்வூதியமும் கொடுத்தது. வத்திக்கான் சட்டத்திலிருந்து மரண தண்டனையைப் போப் ஆறாம் பவுல் நீக்கியது 1969இல்தான். மரண தண்டனை ஏற்கத்தக்கதே அல்ல என்று மறைக்கல்வி நூலைத் திருத்தியவர் போப் பிரான்சிஸ், 2018இல். மிகக் கொடிய குற்றம் செய்தவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

எல்லாச் சபைகளும் இதை ஏற்கவில்லை. ஆளுகிறவன் பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்னும் அப்போஸ்தலன் பவுலின் வாதத்தை ஏற்காதவர்கள் ரோமர் நிருபத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் தென்னகப் பாப்டிஸ்ட் சபை 2000இல் மரண தண்டனையை ஆதரித்தே தீர்மானம் போட்டது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அந்தக் குடும்பங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. டக்கர் கொன்ற பெண்ணின் கணவர் தண்டனையை வரவேற்றார். அதே பெண்ணின் சகோதரரோ டக்கரைச் சிறையில் சந்தித்து மன்னித்தார்; தண்டனை நாளில் டக்கரின் சார்பில் சாட்சியாக வந்து நின்றார்.

நம் நாட்டிலும் கருணை மனு என்றால் கைதி சிறையில் எழுதிய தேர்வு, நன்னடத்தை, கண்ணீர் என்று பட்டியல் போடுகிறோம். ஓர் உயிரைக் காப்பாற்ற அது தேவைப்படலாம். கொள்கைக்கு அது போதாது. திருந்தியவனுக்கு மட்டும் கிடைப்பது நன்னடத்தைக்கான பரிசு. அதற்கு இரக்கம் என்று பெயரிட வேண்டாம். தூக்குக் கயிற்றை எதிர்க்கும் கிறிஸ்தவர்கள், மனம் திரும்பாதவனுக்காகவும் கையெழுத்துப் போட வேண்டும்.