பயோகெமிஸ்ட்ரியும் கணக்குப் புத்தகமும்

மெடிக்கல் சீட் கிடைக்கலைன்னா பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. கணக்கு வராது, அதனால இதுன்னு சேர்றவங்களும் நிறைய. தப்பில்லை மக்களே, ஆனா கணக்கு விடாது!

கிரெப்ஸ் சுழற்சியோட எட்டுப் படியையும் மூச்சு விடாம ஒப்பிக்கிற பிள்ளைங்ககிட்ட, "50 மில்லிமோலார் ட்ரிஸ் பஃபர் அரை லிட்டர் வேணும், எத்தனை கிராம் போடணும்?"னு கேட்டுப் பாருங்க. முழிப்பாங்க. (மூலக்கூறு எடை 121. பெருக்கினா சுமார் 3 கிராம். அவ்ளோதாங்க.) ஆய்வுக்கூடத்துல முதல் வாரமே செய்யச் சொல்ற வேலை இது. மைக்கேலிஸும் மென்டனும் 1913ல எழுதின சமன்பாடு இல்லாம நொதிகளைப் பத்திப் பேசவே முடியாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ஒருங்கிணைந்த பிஎச்.டி. சேர ஒரு வழி ஜாம் தேர்வு. அதோட பயோடெக்னாலஜி தாள்ல கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் உண்டு. பல பேருக்கு இது தெரிய வர்றதே மூணாம் வருஷத்துலதான். அப்புறம் எங்க படிக்கிறது?

மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கலாம், விஞ்ஞானி ஆக முடியாதுங்கறது என் கட்சி. உங்க வீட்டுல யாராவது இதுல சேர்ந்திருந்தா, பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டுடாம வச்சுக்கச் சொல்லுங்க. பியூர் சயின்ஸ் குரூப்பா? கடன் வாங்கியாவது படிக்கச் சொல்லுங்க.