ஓட்டுக் கட்டடத்தை இடிக்கத்தான் வேணுமா?



நம்ம பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போறாங்க என்று எல்லோருக்கும் தெரியும். போன மாசம் டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். அன்னைக்கு முதலில் கை தட்டினது நான்தான். 'இனிமே ஒட்டடை அடிக்க வேண்டாம், டைல்ஸ் போட்ட ரூம் வரும்' என்று எங்க பெஞ்சில் ஒரே சந்தோஷம். இப்போது என் கருத்து மாறிவிட்டது. ஏன் மாறியது என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

எங்க தாத்தா கொத்தனார். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவுக்குப் பதிலாக அவர்தான் வந்தார். கூட்டம் முடிந்ததும் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுவரையும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். மொத்தம் ஐந்து அறை. மேற்குக் கடைசி அறையில் அரசங்கன்று வேர் விட்டு, கை நுழைகிற அளவுக்குச் சுவர் பிளந்திருக்கிறது. "இதை இடிச்சுத்தான் ஆகணும், பக்கத்துல போகாதீங்க" என்றார். மற்ற நான்கு அறைகளைப் பார்த்துவிட்டு, "சுவரு நல்லாத்தாம்மா இருக்கு. ரீப்பரைத்தான் கரையான் தின்னுருக்கு, ஓடு ஒடஞ்சிருக்கு. நோய் கூரையில இருக்கு, வைத்தியம் சுவத்துக்குப் பாக்குறாங்க" என்றார்.

சுவர் ஏன் பொரிந்து கொட்டுகிறது என்றும் கேட்டேன். அது சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவராம். அதன் மேல் பின்னாளில் யாரோ சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்தே பூசினால் ஈரம் தானாகக் காய்ந்துவிடுமாம். இவ்வளவு நாள் அதைப் 'பேய் வீடு' என்று கேலி செய்த எனக்கு வெட்கமாகப் போச்சு.

பழைய கட்டடத்தை வேறு வேலைக்கு மாற்ற முடியுமா என்று சிலர் கேட்கலாம். முடியும். சென்னையில் எங்க சித்தி வீட்டுப் பக்கம் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கட்டடத்தை 1842-இல் ஐஸ் வைக்கத்தான் கட்டினார்கள். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் ஐஸை வெட்டி, கப்பலில் கொண்டு வந்து அதில் வைத்து விற்றார்கள். இங்கேயே ஐஸ் செய்ய இயந்திரம் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு ஒரு வழக்கறிஞர் அதை வாங்கி, சன்னலும் வராண்டாவும் வைத்து வீடாக மாற்றினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதற்கப்புறம் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார், சின்ன வயதிலேயே விதவையான பெண் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்தது அதே கட்டடத்தில்தான். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

ஐஸ் விற்கவில்லை என்று அன்றைக்கே அதை இடித்திருந்தால்? என் வயதுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படித்திருக்க முடியாது. இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நாம் டூர் போன மதுரை காந்தி மியூசியம் ஒரு காலத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை. 1959-இல் நேரு வந்து திறந்து வைத்தார். அரண்மனையே மியூசியம் ஆகும்போது வகுப்பறை ஏன் நூலகம் ஆகக் கூடாது?

இன்னொரு விஷயம். நான்கு அறையை இடித்தால் வருகிற செங்கலும் மண்ணும் எங்கே போகும்? நம்ம ஊர் வழக்கம் தெரியுமே, கண்மாய்க் கரைக்குத்தான். புதுசாகக் கட்ட மறுபடி மணல், கம்பி, சிமெண்ட். சுண்ணாம்புக் கல்லை 1,400 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்ட் தயாரிப்பில் வருகிறது. மரம் நடுவோம் என்று கோஷம் போட்டு ஊர்வலம் போகிறோம். இருக்கிற சுவரைக் காப்பாற்றுவதும் சுற்றுச்சூழல்தானே!

"கூரை தலையில விழுந்தா நீ பொறுப்பா?" என்று என் தோழி சண்டைக்கு வந்தாள். அவள் கேட்டது நியாயம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதை யாரும் மறக்கக் கூடாது. ஆபத்தான சுவரை ஒரு நாள்கூட விட்டு வைக்கக் கூடாது. எங்க தாத்தா சொன்னார் என்பதற்காகவும் யாரும் உள்ளே போய் உட்கார வேண்டாம். பொறியாளர் வந்து அறை அறையாகச் சோதித்துச் சொல்லட்டும். பழசு என்பதும் ஆபத்து என்பதும் ஒன்றா? அந்தத் திருநெல்வேலிச் சுவர் விழுந்த பிறகு பயம் வந்தது சரி. அந்தப் பயத்தில் நல்ல சுவரையும் சேர்த்து இடித்துவிடக் கூடாது.

இடித்தவுடனே புதுசு வந்துவிடும் என்றும் நம்ப முடியவில்லை. எங்க தெரு பால்வாடியை இடித்து இரண்டு வருஷம் ஆச்சு. என் தம்பி இன்னும் கோயில் மண்டபத்தில்தான் உட்காருகிறான். மழை பெய்தால் அன்னைக்கு லீவு.

நம்ம பள்ளியில் நூலகப் புத்தகம் எல்லாம் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. உட்கார்ந்து படிக்க இடமில்லை. மழை வந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்து வாசலில் ஒண்டுகிறார்கள். கூரையை மாற்றிச் சுண்ணாம்பு பூசினால் நான்கு அறை கிடைக்கும். வெயில் காலத்தில் எங்க கான்கிரீட் வகுப்பைவிட அது குளுமையாகவும் இருக்கும்.

ஆகவே என் கோரிக்கை மூன்று:

1. விரிசல் விட்ட மேற்கு அறையை உடனே இடிக்க வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் வேலி போட வேண்டும்.

2. மற்ற நான்கு அறைகளையும் ஒன்றியப் பொறியாளர் சோதித்து, பழுது பார்க்க எவ்வளவு, புதிதாகக் கட்ட எவ்வளவு என்று இரண்டு கணக்கும் சொல்ல வேண்டும்.

3. இடிக்கிற அறையின் நல்ல செங்கலையும் ஓட்டையும் ஏலத்தில் விடாமல் இங்கேயே பயன்படுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நாம் பேச முடியாது, நமக்கு ஓட்டு இல்லை. நம்ம அப்பா அம்மாவுக்கு இருக்கிறது. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவர்களிடம் சொல்லுங்கள். எங்க அம்மா கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். தாத்தாவும் வருவார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி