மனோரிக் கரையும் நம் குடமும்

ஞாயிற்றுக்கிழமையானால் ஜுஹு, சௌபாத்தி என்று நெரிசலில் போய் நின்ற நம்மவர்களில் சிலர் இப்போது மனோரிக்குப் போகிறார்கள். மாலாடில் இறங்கி, மார்வே துறையில் படகேறி, உப்பங்கழியைத் தாண்டினால் அமைதியான கரை. தாராவியில் பத்தடி அறைக்குள் முடங்கிக் கிடக்கும் குடும்பம் ஒருநாள் காற்று வாங்கினால் யார் குறை சொல்ல முடியும்? தாராளமாகப் போகட்டும்.

ஆனால் அந்தக் கரை கோலி மீனவர்கள் பாடுபடும் இடம். மூங்கில் பந்தலில் பொம்பில் மீனை வாயோடு வாய் கோத்துத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த மழை மாதங்களுக்கு இந்தக் கருவாடுதான் கைகொடுக்கும். அதன் அடியில் பந்தாடுவதும், பாட்டிலை உடைப்பதும், மூக்கைப் பொத்துவதும் நியாயமா? கருவாட்டுக் குழம்பென்றால் சப்புக்கொட்டுகிறவர்கள்தானே நாம்!

தாராவியே ஒரு கோலிவாடாதான். மாகிம் கழியில் அவர்கள் மீன் பிடித்த இடத்தில், கழி தூர்ந்தபின் நம் நெல்லைக்காரர்கள் தோல் பதனிட வந்தார்கள். 1966க்குப் பிறகு ‘மண்ணின் மைந்தர்’ முழக்கம் எழுந்தபோது அடி வாங்கியவர்கள் நாம். அந்த மண்ணின் மூத்த மைந்தரான கோலிகளுக்கு அந்த முழக்கம் கழியையும் கடலையும் மீட்டுக் கொடுத்ததா?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மாநகராட்சி 2021இல் திட்டம் வகுத்தது. முதற்கட்டம் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர். நல்ல நீரைப் பிரித்தபின் எஞ்சும் கடும் உப்புநீர் கடலுக்கே திரும்பும். மீன் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தண்ணீரோ நம் குழாய்க்கும் வரக்கூடியது. விடியுமுன் குடத்தோடு வரிசையில் நிற்கும் நம் தாய்மார்களிடம் ஆலை வேண்டாம் என்று சொல்ல எனக்கே நா எழவில்லை. ஆனால் நம் தாகத்தைச் சாக்காகக் காட்டி அவர்கள் வாயை அடைக்க நாம் இடம் கொடுக்கலாகாது. குழாய் உடைந்து வீணாகும் நீரை முதலில் நிறுத்து, மீனவரை அழைத்து உட்காரவைத்துப் பேசு, ஆலையைப் பற்றிப் பிறகு முடிவெடு என்று நம் சங்கம் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும்.

அடுத்த முறை போகிறவர்கள் மீன் வாங்கும்போது கூடைக்காரம்மாவிடம் இதைப் பற்றி நாலு வார்த்தை கேட்டு வாருங்கள். நம் பம்பாய் இந்தி அதற்குப் போதும்.